பதினோரு பொத்தல் பாய்

அந்தப் படத்து மேல போத்தியிருக்குற துணிய இழுத்துட்டா லுசேயானே கதை அத்தோட முடிஞ்சுது. இழுக்கப் போறது வைமோவானா அத்தை. எப்போன்னா, சர்ச்சு முடிஞ்சு, விருந்து முடிஞ்சு, பேச்சு முடிஞ்சு. அதாவது இன்னிக்கே, வெயில் சாயுறதுக்குள்ள.

லுசேயானே, சுருக்கமா லுசே. பதினெட்டு வயசு. கடைசிக்கு முந்தின பெஞ்சுல அம்மா பக்கத்துல உக்காந்து, விசிறியால மூஞ்சிய மறைச்சுக்கிட்டு இருந்தா. சர்ச்சே அதிர்ற மாதிரி எல்லாரும் பாடிட்டு இருந்தாங்க. இவ உதட்ட மட்டும் அசைச்சா.

முதல் பெஞ்சுல பொண்ணு எலெனோவா, மாப்பிள்ளை ஃபினாவ். புதன்கிழமை கல்யாணம், இன்னிக்கு அவங்களோட முதல் ஞாயிறு. ரெண்டு பேருக்கும் ஒரே துணியில தச்ச உடுப்பு, அதுக்கு மேல முட்டியில இருந்து நெஞ்சு வரைக்கும் சுத்துன பாய். மாப்பிள்ளை ரக்பி ஆடுறவர், ஏற்கெனவே கதவு அகலம். பாயையும் சுத்துனதும் அவர உக்கார வைக்க நாலு பேர் வேண்டியிருந்துச்சு.

பொண்ணு கட்டியிருந்தது வைமோவானா அத்தை குடும்பத்துப் பாய். தாழை ஓலையில பின்னுனது. எத்தன தலைமுறைன்னு கேட்டா அத்தை விரல் விட்டு எண்ணி, கை பத்தாம பக்கத்துல இருக்கவங்க கையையும் வாங்குவாங்க. பழைய டீத்தண்ணி நிறம். ஓரமெல்லாம் நார் நாராத் தொங்கும். பதினோரு பொத்தல்.

அந்தப் பதினோரு பொத்தலையும் லுசே அடைச்சுட்டா. பாயில இல்ல. படத்துல.

இப்ப நீங்க கேப்பீங்க, அவளுக்குத் தெரியாதான்னு. வவாவு தீவுல அஞ்சு வயசுக் குழந்தைக்குக் கூடத் தெரியும். புதுப் பாய சந்தையில யாரு வேணா வாங்கலாம். கிழிஞ்ச பாய வாங்க முடியாது, அது கிழிய நூறு வருஷம் ஆகும். எவ்வளவு கிழிஞ்சிருக்கோ அவ்வளவு மதிப்பு. லுசேக்கும் தெரியும். ஆனா அவ கைக்குத் தெரியல.

கை எப்படிப் பழகுச்சுன்னா, ரெண்டு வருஷமா அவ கேமராவுல எடுத்ததெல்லாம் வெள்ளக்காரங்க கல்யாணம். திமிங்கலம் பாக்க வருவாங்க, அப்படியே மணல்ல நின்னு கல்யாணமும் பண்ணிக்குவாங்க. முப்பத்தெட்டு கல்யாணம். ஒவ்வொருத்தரும் அழிக்கச் சொல்ற பட்டியல் இருக்கே, கல்யாணப் பத்திரிகைய விட நீளம். பின்னாடி போற பன்னிய அழி. வெயில்ல செவந்த மூக்க வெளுக்க வை. மணல்ல மத்தவங்க கால் தடம் தெரியுது, அழி. ஒரு அம்மா, படத்துல நின்ன மச்சினனையே அழிக்கச் சொன்னாங்க. அழிச்சா. அந்த இடத்துல ஒரு தென்னை மரம் வச்சா. மரம் அவர விட நல்லா நின்னுச்சு.

ஆனா சொந்த ஊர்ல ஒரு வீட்டுக்காரங்க கூட அவள கூப்பிடல. "லாவினியா பொண்ணா? மூக்கொழுகிட்டுத் திரிஞ்சத போன வருஷம்தான பாத்தோம்"னு சொல்லிட்டு, தலைநகர்ல இருந்து படக்காரர கப்பல்ல வரவழைப்பாங்க. அம்மா லாவினியா கெடு வச்சிருந்தாங்க. கிறிஸ்துமசுக்குள்ள நம்ம ஊரு வீடு ஒண்ணாவது அவள ஒரு தடவை கூப்பிட்டு, அதப் பாத்து இன்னொரு வீடும் கூப்பிடணும். இல்லன்னா நியூசிலாந்துல பெரியம்மாகிட்ட போய் கிவிப்பழம் அடுக்கணும். பெரியம்மா கையுறை கூட வாங்கி வச்சுட்டாங்களாம், ஒரு ஜோடி, லுசே அளவுல.

அப்பத்தான் கடல் சரியில்லன்னு தலைநகர் படக்காரர் கப்பலே ஏறல. வைமோவானா அத்தை வேற வழியில்லாம, "சரி, அந்த மூக்கொழுகிய வரச் சொல்லு"ன்னாங்க.

புதன்கிழமை லுசே ஓடி ஓடி எடுத்தா. மாப்பிள்ளை தாய்மாமன் மடியில உக்கார்ற சடங்குல, மாமா ஒல்லிக்குச்சி, மாப்பிள்ளை நூத்திப்பத்து கிலோ. மாமா கண்ணுல தண்ணி வந்தத பாத்து எல்லாரும் பாசம்னு நெனச்சாங்க. அதெல்லாம் அருமையா வந்துச்சு. விருந்துல வைக்கிறதுக்கு ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய படம் கேட்டாங்க அத்தை, பொண்ணும் அத்தையும் நிக்கிற படம். வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் காதுல பாட்ட மாட்டிக்கிட்டு லுசே கம்ப்யூட்டர் முன்னாடி அதுலயே உக்காந்தா. பன்னிய அழிச்சா. பொண்ணு கன்னத்துப் பருவ அழிச்சா. அப்புறம் கை அதுபாட்டுக்குக் கீழ எறங்கி, ஒரு பொத்தல், ரெண்டு பொத்தல்... சனிக்கிழமை நெயாஃபு டவுன் கடையில துணியில அச்சடிச்சு, மரச் சட்டத்துல இழுத்துக் கட்டி, மூடிக் கொண்டுவந்து விருந்துக் கூடத்துல வச்சாச்சு. அவ்வளவு பெருமை அவளுக்கு.

இன்னிக்குக் காலையில சர்ச்சு வாசல்ல தான் பாத்தா. அத்தை, சம்பந்தி செலுவாயாவ நிறுத்தி வச்சு, பொண்ணு இடுப்புல இருந்த பாயத் தடவித் தடவி, "இது புயல்ல ஆணி கிழிச்சது. இது என் தம்பி மோசேசே கை வேலை"ன்னு ஒவ்வொரு பொத்தலா அறிமுகம் பண்ணிட்டு இருந்தாங்க, மருமகப் பிள்ளைங்கள அறிமுகம் பண்ற மாதிரி. தான் எத அடைச்சோம்னு அப்பத்தான் லுசேக்கு உறைச்சுச்சு.

"அம்மா."

"பாட்டுப் பாடு."

"அம்மா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"சர்ச்சுல வச்சு சொல்ற, நல்ல எடம்தான். யாரு அவன்?"

"அய்யோ அதெல்லாம் இல்லம்மா. அத்தையோட பாயி... படத்துல பொத்தல அடைச்சுட்டேன்."

அம்மா விசிறுறத நிறுத்துனாங்க. "எத்தனைய?"

"எல்லாத்தையும்."

"ஓரத்துல நாரு தொங்குமே?"

"நேரா வெட்டிட்டேன்."

அம்மா தலையக் குனிஞ்சாங்க. தோள் குலுங்குச்சு. அழறாங்கன்னு நெனச்சு லுசேக்கு இன்னும் பயமாயிருச்சு. பின் பெஞ்சு அம்மாவும் அதையே நெனச்சு, பாட்டுல உருகிட்டா போலன்னு ஒரு கைக்குட்டைய நீட்டுனாங்க. அம்மா அத வாங்கி வாயில அடைச்சுக்கிட்டு சிரிச்சாங்க.

"எவ்ளோ நேரம் ஆச்சு அடைக்க?"

"ரெண்டு நாளு."

"அடிப்பாவி. கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா தப்பிச்சிருப்ப."

"அசல் படம் அப்படியே இருக்கும்மா. கடையத் தொறந்து இன்னொண்ணு அச்சடிச்சா..."

"ஞாயித்துக்கிழமையா? வேலை செஞ்சா சட்டப்படி குத்தம். கடக்காரரு மூணாவது பெஞ்சுல பாடிட்டு இருக்காரு, போய்க் கேளு. போலீஸ்காரர் ரெண்டாவது பெஞ்சு. ரெண்டு பேர்கிட்டயும் ஒரே நடையில கேட்டுட்டு வந்துரு."

லுசே பாட்டுப் புத்தகத்தத் தலைகீழா விரிச்சா.

"பெரியம்மாவுக்குச் சொல்லிறட்டா? கிவிப்பழத்துல பொத்தல் இருந்தா தூக்கிப் போட்டுருவாங்க. அடைக்கிற வேலையே இல்ல."

"அம்மா, விளையாடாதீங்க. எனக்கு நெஜமாவே பயமா இருக்கு."

அம்மா அவ கையப் புடிச்சு மடியில வச்சுக்கிட்டாங்க. ஆனா சிரிப்ப நிறுத்தல. "போய் நீயே சொல்லிரு. துணி விழுந்து தெரியறதுக்கு முன்னாடி உன் வாயில தெரியட்டும்."

சர்ச்சுக்குப் பக்கத்துக் கூடத்துல விருந்து. மரப்பட்டைத் துணிய தரையில விரிச்சு, பின்சுவத்துலயும் தொங்கவிட்ட மேடையில நடுநாயகமா வைமோவானா அத்தை. பொண்ணோட அப்பாவுக்கு மூத்த அக்கா அவங்க, அதனால அங்க அவங்களுக்கு மேல யாரும் கிடையாது. பொண்ணோட அப்பா கூட கீழதான் உக்காந்திருந்தாரு. அத்தைக்குப் பின்னாடி, துணி போத்துன படம். பேய் மாதிரி நின்னுச்சு.

லுசே குனிஞ்சு, தவழ்ந்து, மேடை ஓரத்துல போய் சம்மணம் போட்டு உக்காந்தா.

"வாடி படக்காரி. என்ன, மூஞ்சி வெளுத்திருக்கு? உன்னையும் வெளுத்துக்கிட்டியா?"

"அத்தை, அந்தத் துணிய எடுக்காதீங்க."

"ஏன், நான் நல்லா விழலையா?"

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்க அத்தை. பாயிதான்..."

"பாயிக்கு என்ன?"

"அதுவும் நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு." லுசே தரையப் பாத்துக்கிட்டே சொன்னா. "பொத்தலே இல்லாம இருக்கு. நான்தான் அடைச்சேன். தெரியாம... தெரிஞ்சுதான், ஆனா யோசிக்காம. மன்னிச்சிருங்க அத்தை."

அத்தை விசிறி ஒரு தடவை போச்சு, ஒரு தடவை வந்துச்சு. அதுக்குள்ள லுசேக்கு நியூசிலாந்து போய் ரெண்டு பெட்டி பழம் அடுக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

"எத்தன அடைச்ச?"

"பதினொண்ணு."

விசிறி நின்னுச்சு. "எத்தன?"

"பதினொண்ணு அத்தை. அடைக்கும்போது எண்ணுனேன்."

"எங்க குடும்பத்துல எல்லாரையும் கேளு, பத்துன்னுதான் சொல்லுவாங்க. பதினொண்ணாவது எங்க இருந்துச்சு?"

"இடது பக்கம், மடிப்புக்குள்ள. படத்துல மடிப்பு கொஞ்சம் விலகியிருந்துச்சு. சோள மணி அளவுதான்."

அத்தை அவளப் பாத்தாங்க. மீனவன் வலையில என்ன சிக்கியிருக்குன்னு பாக்குற மாதிரி. "போய்ச் சாப்பிடு"ன்னாங்க. "நல்லா சாப்பிடு."

அந்த 'நல்லா'தான் லுசேவ கொன்னுச்சு.

அம்மா அவ தட்டுல சேம்பு இலையில கட்டி தேங்காப்பாலோட வேக வச்ச கறி, சுட்ட பன்னித் தோல், கிழங்குன்னு குமிச்சாங்க. "சாப்பிடுடி. அங்க போனா இதெல்லாம் கிடைக்காது." லுசே பன்னித் தோல வாயில வச்சுட்டு மெல்ல மறந்து உக்காந்திருந்தா. போதகர் பேசுனாரு. மாப்பிள்ளையோட பெரியப்பா பேசி அழுதாரு. போதகர், விட்டுப் போச்சுன்னு மறுபடி பேசுனாரு. பேச்சு முடியவே கூடாதுன்னு வேண்டிக்கிட்ட ஒரே ஆளு லுசேயாத்தான் இருக்கும்.

முடிஞ்சுது. அத்தை எந்திரிச்சாங்க. லுசே பக்கம் திரும்பிக் கூடப் பாக்காம, துணிய ஒரே இழுவையா இழுத்தாங்க.

படத்துல எலெனோவா தேவதை மாதிரி இருந்தா. பாயி அத விட. நேத்து பின்னி இன்னிக்குக் காலையில வெயில்ல காய வச்ச மாதிரி, வழுவழுன்னு, ஓரம் ஸ்கேல் வச்ச மாதிரி. எங்கயோ ஒரு குழந்தை மட்டும் கிழங்கு கேட்டுச்சு.

மாப்பிள்ளையோட அம்மா செலுவாயா தலைய ஒரு பக்கமா சாச்சாங்க. ஹாபாய் தீவுக்காரங்க, அவங்க வீட்டுப் பாயும் லேசுப்பட்டதில்ல. "ரொம்ப அழகா இருக்கு சம்பந்தி. சந்தையில என்ன வெல சொன்னாங்க, இந்தப் பாயி?"

ஹாபாய் பக்கம் யாரோ இருமல்ல சிரிப்ப ஒளிச்சாங்க. பொண்ணோட அப்பா மூஞ்சி கறுத்துச்சு. லுசே கண்ண மூடிக்கிட்டா.

"அவசரப்படாதீங்க சம்பந்தி," அத்தை குரல் ரொம்ப சாந்தமா வந்துச்சு. "படம் இன்னும் முடியல. எங்க பாயில பொத்தல யாரு யாரு போட்டாங்களோ, படத்துலயும் அவங்க கையாலதான் போடணும். அதுக்குத்தான் வெறுமையா வச்சிருக்கோம். டேய், பன்னி வெட்டுற கத்திய கழுவிக் கொண்டாங்கடா. படக்காரி, எங்க ஒளிஞ்சிருக்க? வந்து எடத்தக் காட்டு."

போதகர் தொண்டையக் கனைச்சாரு. "அத்தை, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. இது வேலையில சேராதா?"

"போதகரே, மூணாவது பொத்தல் உங்க அப்பா சுருட்டுல இருந்து விழுந்த நெருப்பு. எங்க அண்ணன் கல்யாணத்துல. மொத ஆளா நீங்கதான் வரணும்."

போதகர் ஒரு நிமிஷம் மேல பாத்தாரு. அப்புறம் சட்டைக் கைய மடிச்சு விட்டுட்டு வந்தாரு.

லுசே தட்ட அம்மாகிட்ட குடுத்துட்டு எந்திரிச்சு வந்தா. படத்துக்கு முன்னாடி நின்னதும் ஒரு விஷயம் நடந்துச்சு. ரெண்டு நாள் அந்தப் பாயிலயே குடியிருந்திருக்கா இல்ல, கண்ண மூடிக்கிட்டே சொல்லுவா. பொண்ணு உக்காந்திருந்ததுல இடுப்புப் பாய் மடிஞ்சு கெடந்ததால அதப் பாத்துக் கண்டுபிடிக்கக் கூட வழியில்ல. அவ விரல் நேரா போய் நின்னுச்சு. "இங்க. அவரை விதை வடிவத்துல. இந்தப் பக்கம் கொஞ்சம் கருகியிருக்கும்."

போதகர் கத்திய வச்சு திருகுனாரு. அத்தை குனிஞ்சு பாத்து, நகத்தால ஓரத்து நூல ரெண்டு இழுத்து விட்டாங்க. பின்னாடி இருந்த மரப்பட்டைத் துணி பொத்தல் வழியா பழுப்பாத் தெரிஞ்சுது. நெஜப் பொத்தல் மாதிரியே இருந்துச்சு. நெஜப் பொத்தல்தான அது.

அடுத்து மோசேசே மாமா. அறுபது வயசு, ஊர்லயே பெரிய வம்புக்காரர். "என்னுது சின்னதுதான், ஒரு குத்து போதும்"ன்னு வந்தாரு.

"மாமா, உங்களுது இவ்ளோ பெருசு," லுசே கையகலம் காட்டுனா. பயத்துல மரியாதை கூட மறந்து போச்சு. "நாலு மணி நேரம் அடைச்சேன். எனக்குத் தெரியும்."

கூடமே சிரிச்சுது. "முப்பது வருஷமா சின்னது சின்னதுன்னு ஏமாத்திட்டு இருந்தான்," அத்தை சொன்னாங்க. "இப்ப சாட்சி கெடச்சிருச்சு. வெட்றா."

எலெனோவாவோட அப்பா, பல்லு முளைக்கறப்ப கடிச்சுப் பிச்ச எடம். அவரு வெக்கப்பட்டுக்கிட்டே வந்து வெட்ட, பல்லாலயே கடிக்கச் சொல்லி பொண்டாட்டி சத்தம் போட்டாங்க. புயல் ஆணிக்கு ஊர் நாட்டாமைய கூப்பிட்டாங்க, வீட்டுக் கூரைய சரியா அடிக்காதது அவரு தாத்தாவாம். இப்படியே எட்டு முடிஞ்சுது. கடைசியா பெட்டிக்குள்ள எலி கடிச்ச ரெண்டு பொத்தல்.

"எலிக்கு யாரு வர்றது?"

"மாப்பிள்ளைய அனுப்புங்க," லாவினியா, அதான் லுசேவோட அம்மா, பின்னாடி இருந்து கத்துனாங்க. "வீட்டுக்குள்ள புதுசா நுழைஞ்சது அவருதான."

ஃபினாவ எழுப்ப மறுபடி நாலு பேர் வந்தாங்க. அந்த எலி நூத்திப்பத்து கிலோவோட வந்து, நாக்கக் கடிச்சுக்கிட்டு, அவ்ளோ மெதுவா, அவ்ளோ கவனமா ரெண்டு பொத்தல் போட்டுச்சு. அவரோட அம்மா செலுவாயாவே வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க.

பத்து ஆச்சு. எல்லாரும் கை தட்டிட்டு உக்காரப் போனாங்க. அத்தை கத்திய வாங்கி, இடது பக்கம், மடிப்புக்குள்ள, சோள மணி அளவுக்கு ஒரு குத்து குத்துனாங்க.

"அது யாருது?" செலுவாயா கேட்டாங்க.

"அது எனக்கும் படக்காரிக்கும் தெரிஞ்சது," அத்தை சொன்னாங்க. அப்புறம் நார இழுக்குற சாக்குல குனிஞ்சு, லுசே காதுல மட்டும்: "எனக்கும் அப்போ பதினெட்டு. ஓரம் அசிங்கமா இருக்கே, நேராக்கலாம்னு கத்திரிக்கோல எடுத்தேன். நழுவிருச்சு. அன்னில இருந்து மடிப்புக்குள்ளயே வச்சுக் கட்டிட்டு இருக்கேன். வாயத் தொறந்த, உன்ன நானே கப்பல்ல ஏத்திருவேன்."

லுசே தலைய மட்டும் ஆட்டுனா. சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்து மூக்குல அடைச்சுக்கிச்சு. ஒழுகுச்சு கூட.

"பாரு, மூக்கொழுகி மூக்கொழுகியாத்தான் இருக்கா," அத்தை சத்தமா சொல்லிட்டு உக்காந்தாங்க.

வீட்டுக்குக் கெளம்புறப்போ செலுவாயா அவ கையப் புடிச்சு நிறுத்துனாங்க. "ஏ பொண்ணு. என் சின்னவன் கல்யாணம் அக்டோபர்ல, ஹாபாய்ல. எங்க பாயில பத்தொம்பது பொத்தல்."

"பத்தொம்பதா?"

"பதினெட்டுன்னு பையனோட அத்தை சொல்றா. நீ வந்து எண்ணிச் சொல்லு. எனக்கு அந்தக் கணக்குத் தீரணும்."

நடந்து வர்ற வழியில அம்மா, சவுக்கு மரத்து முனை தாண்டுனதும், "பெரியம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்"ன்னாங்க. "அந்தக் கையுறைய அனுப்பி வைக்கச் சொல்றேன். கத்தியெல்லாம் புடிக்கிற வேலையா இருக்கு உன்னுது."

"அம்மா, ஒரே ஒரு வருத்தம். எல்லாரும் வெட்டுனாங்கல்ல, அத நான் எடுக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமைன்னு கேமராவ வீட்லயே வச்சுட்டேன்."

அம்மா அக்கம்பக்கம் பாத்தாங்க. அப்புறம் தன் இடுப்புல கட்டியிருந்த பாயிக்குள்ள செருகியிருந்த போன எடுத்து நீட்டுனாங்க. "யார்கிட்டயும் சொல்லிறாத."

ஒரே ஒரு படம். கோணல். அத்தை பாதி மூஞ்சி, போதகர் முதுகு, கத்தி, வாயத் தொறந்துட்டு நிக்கிற லுசே. வலது பக்கம் கால்வாசிய அம்மாவோட கட்டை விரல் மறைச்சிருந்துச்சு, ரோஸ் கலர்ல, பூசணிக்கா பெருசுக்கு.

லுசே கை அதுபாட்டுக்கு அந்த மூலைக்குப் போச்சு. அம்மா அவ விரல் மேல பட்டுன்னு ஒண்ணு போட்டாங்க.

"அத அழிச்ச, தொலைச்சிருவேன். அது நான். நானும்தான அங்க இருந்தேன்."